பன்னிரண்டு நிமிஷ விரால்

மாசி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து வீட்டில், காலை ஆறரை மணிக்கு ஸ்ரீனிவாசராகவன் சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்தார். உத்தரணியால் தண்ணீர் எடுக்கக் கையை நீட்டினார். பஞ்சபாத்திரத்துக்குள்ளே ஒரு விரால் மூச்சு விட்டது.

பஞ்சபாத்திரம் உள்ளங்கை அகலம். அதில் விரால் எங்கிருந்து வரும்? அவருக்கும் அது தெரியும். முப்பத்துமூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்த மனுஷர். ஆனாலும் சத்தம் கேட்டது. 'பொளக்'. ஒரே ஒரு தடவை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு முப்பத்தேழு. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆறு நாற்பத்தொன்பதுக்கு மறுபடியும் 'பொளக்'.

"ஏன்னா, பஞ்சபாத்திரத்த என்ன அப்படி உத்து உத்துப் பாத்துண்டிருக்கேள்? எறும்பு விழுந்திருக்கா?" என்று சமையலறையிலிருந்து ஜானு கேட்டாள்.

"ஒண்ணுமில்லை."

"ஒரு வருஷமா ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லிண்டிருக்கேள்."

ஜானு சொன்னதில் பொய்யில்லை. ஒரு வருஷமாகவே அந்தச் சத்தம் அவரைத் துரத்திக்கொண்டிருக்கிறது. குளியலறை வாளியில் கேட்டிருக்கிறது. குடிதண்ணீர்க் கேனில் கேட்டிருக்கிறது. கோயிலில் பட்டர் தீர்த்தம் கொடுத்தபோது அந்தப் பாத்திரத்திலிருந்தும் ஒரு நாள் கேட்டு, அவர் நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டுவிட்டார். பட்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். எங்கே கேட்டாலும் கணக்கு மட்டும் மாறாது. பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம்.

மயிலாப்பூர் ஐயங்கார் ஒருவருக்கு விரால் மீன் மூச்சு விடும் சத்தம் எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். சொல்கிறேன். அவர் மீன் பிடிப்பார்.

சிரிக்காதீர்கள். சாப்பிட்டதில்லை, முகர்ந்ததுகூட இல்லை. பிடிப்பார், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகு டாக்டர் நடக்கச் சொன்னார். மாட வீதியில் நடந்தால் பத்தடிக்கு ஒரு பழைய மாணவன் நிறுத்தி நமஸ்காரம் பண்ணினான். அதற்குப் பயந்து திருமயிலை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறி, கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய், வேளச்சேரி ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தார். அங்கே தங்கவேல் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

தங்கவேல் தாமிரபரணிக்கரை ஆள். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் நாற்பது வருஷம் பட்டுப்புடவை விரித்துக் காட்டியவர். உட்காராமல் நின்றே ஆயுசைக் கழித்தவர் என்பதால், ஓய்வு கிடைத்ததும் உட்கார்ந்து செய்கிற காரியமாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். காலியான பெயின்ட் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவார். முதல் நாள் ஸ்ரீனிவாசராகவன் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தபோது, திரும்பாமலே சொன்னார்: "சாமி, ஒங்க நெழலு தண்ணியில விழுது. ஒண்ணு உக்காருங்க, இல்ல போங்க."

உட்கார்ந்தவர்தான். அடுத்த வாரமே அவருக்கும் ஒரு தூண்டில் வந்துவிட்டது. மடக்கினால் முழ நீளம்தான். அதைப் பழைய குடை உறையில் போட்டு, 'வாக்கிங் போயிட்டு வரேன்' என்று கிளம்புவார். சித்திரை வெயிலிலும் குடை, மார்கழிப் பனியிலும் குடை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஜானுவுக்குத் தெரியாமல் இருக்குமா? வந்ததும் வேஷ்டியைத் தனி வாளியில் ஊறப்போடுவாள், வாயைத் திறக்கமாட்டாள்.

கரையில் நின்று பெரிய மீன் பிடிப்பது ஒரு தனி வித்தை. புதிதாக வருகிறவன் பலத்தையெல்லாம் சேர்த்து நடு ஏரிக்கு வீசுவான். அவனுக்குக் கையகல ஜிலேபிக் கெண்டை மாட்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பை. பெரியது தூரத்தில் இருக்காது. ஆகாயத்தாமரை படர்ந்து கிடக்கிற ஓரத்தில், கரையிலிருந்து பத்தடிக்குள், நிழலில் படுத்திருக்கும். அதற்குக் கரையில் கால் வைக்கிற அதிர்வு தெரியும். அதனால் வந்து உட்கார்ந்து அரை மணி நேரம் தூண்டிலையே தொடக்கூடாது. இதெல்லாம் தங்கவேலின் பாடம்.

ஸ்ரீனிவாசராகவன் அதோடு தன் பங்கையும் சேர்த்தார். விரால் மற்ற மீன் மாதிரி இல்லை. தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் அதற்கு மூச்சு முட்டும். அவ்வப்போது மேலே வந்து, வாயைத் திறந்து, ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அந்தச் சத்தம்தான் 'பொளக்'. வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? கடிகாரத்தை வைத்துக்கொண்டு கவனித்தார். சின்ன விரால் நாலைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்தது. நடுத்தரம் ஏழெட்டு நிமிஷம். பெரிதாகப் பெரிதாக இடைவெளியும் நீண்டது, அந்த ஏரியைப் பொறுத்தவரை. எங்கே, எப்போது மேலே வரும் என்று தெரிந்துவிட்டால், அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் முள் மாட்டிய ரப்பர் தவளையை அந்த இடத்தில் தத்தித் தத்தி இழுத்தால் போதும். இருவரும் சேர்ந்து மூன்று வருஷத்தில் பிடித்த விரால்களைப் பார்த்துக் கரையே வயிறெரிந்தது.

ஒன்று மட்டும் சிக்கவில்லை. வடக்கு ஓரத்தில், உடைந்த சிமென்ட் குழாய்க்குப் பக்கத்தில், சரியாகப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் மூச்சு விட்ட ஒன்று. தங்கவேல் அதற்குப் பன்னெண்டு நிமிசத்தான் என்று பேரே வைத்துவிட்டார்.

இதில் இன்னொரு ஏற்பாடு இருந்தது, இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளாத ஏற்பாடு. மீன் யார் தூண்டிலில் மாட்டினாலும் கரைக்கு வந்ததும் ஸ்ரீனிவாசராகவன் முகத்தைத் திருப்பி, எதிரே இருக்கிற அடுக்குமாடிகளைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். தங்கவேல் கல்லில் ஒரே அடியாக அடித்து முடித்து, பையில் போட்டு, "ம், ஆச்சு சாமி" என்பார். அப்புறம்தான் இவர் திரும்புவார். மூன்று வருஷமாக ஒரு மீனையும் இவர் கை கொன்றதில்லை. பாவக் கணக்கைத் தங்கவேல் பேரில் எழுதிவிட்டு, சந்தோஷத்தை மட்டும் இவர் வைத்துக்கொண்டார் என்றுதான் நான் சொல்வேன்.

போன மாசியில் தங்கவேலுக்கு வயிற்றில் ஒரு ஆபரேஷன். வீட்டுக்கு வந்து படுத்த அன்றே இவர் பார்க்கப் போனார். தங்கவேல் மெலிந்திருந்தார்.

"புண்ணு ஆறணும்னா விராலுதான் சாமி. கடையில விக்கானே, தொட்டியில வளத்தது, அது வேண்டாம். நம்ம பன்னெண்டு நிமிசத்தானப் புடிச்சுட்டு வாங்க. அத ஒரு கொழம்பு வச்சுச் சாப்பிட்டாப் போதும், எந்திரிச்சிருவேன்."

"பிடிச்சுண்டு வரேன்" என்று ஸ்ரீனிவாசராகவன் வாக்குக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலை அது மாட்டியது. தங்கவேலின் வாளிமேல் அவர் உட்கார்ந்திருந்தார். பதினோராவது நிமிஷம் ரப்பர் தவளையை இழுத்தார். தண்ணீர் பிளந்தது. கால் மணி நேரம் இழுத்துக் கரையேற்றினார். கை நீளம், தொடைக் கனம். புல்லில் கிடந்து அவரைப் பார்த்தது. திரும்பிக்கொள்ளப் போனவருக்கு அப்போதுதான் உறைத்தது, பின்னால் 'டக்' என்று அடிக்க ஆள் இல்லை. கல்லைக் கையில் எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். மீன் வாயைத் திறந்து காற்றை விழுங்கியது. குறட்டால் முள்ளைக் கழற்றி, இரண்டு கையாலும் தூக்கி, தண்ணீரில் விட்டுவிட்டார்.

நேரே தங்கவேல் வீட்டுக்குப் போய், "இன்னிக்குக் கடிக்கலை. நாளைக்கு நிச்சயம்" என்றார். மறுநாளும் 'நாளைக்கு'. அதற்கு மறுநாளும் 'நாளைக்கு'. ஆறாம் நாள் விடியற்காலம் தங்கவேல் போய்விட்டார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டாக்டரே சொன்னார். ஆனால் அன்றைக்குச் சாவு வீட்டில் ஐஸ்பெட்டிப் பக்கத்தில் நின்றபோது, ஸ்ரீனிவாசராகவனுக்கு முதல் தடவையாக அந்தச் சத்தம் கேட்டது.

ஏன் விட்டாய் என்று அவர் மனசு கேட்கிற போதெல்லாம் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தார். அந்த விராலோடு குஞ்சுகள் இருந்தன. செக்கச் செவேலென்று குஞ்சுக் கூட்டம் தண்ணீர்மேல் கொதித்துக்கொண்டிருந்தது. தாயைக் கொன்றால் அத்தனையும் அநாதை. குஞ்சோடு இருக்கிற விராலைத் தொடக்கூடாது என்று தங்கவேலே சொல்லியிருக்கிறாரே! இதைச் சொல்லிச் சொல்லி, இப்போது கண்ணை மூடினால் அந்தச் சிவப்புக் குஞ்சுகள் நிஜமாகவே தெரிந்தன.

அதன் பிறகும் ஏரிக்குப் போனார். தூண்டிலை வீசி வைப்பார், முள்ளில் ஒன்றும் கோக்கமாட்டார். தங்கவேலின் வாளி கரையிலேயே கிடந்தது, அதில் உட்கார மனம் வராமல் பக்கத்தில் தரையில் உட்காருவார். கரையில் டீ விற்கும் அன்வரி பேகம் ஒரு நாள் டம்ளரோடு வந்து நின்றாள்.

"இன்னா நைனா, யாராண்ட பேசிக்கினு கீற?"

"நானா? யார்கிட்டயும் பேசலையே."

"அட, நான் இன்னா குருடா? அந்த வாளியப் பாத்து 'நாளைக்கு, நாளைக்கு'ங்கற. பெருசு போய் எம்மா நாளாச்சு. வூட்டுக்குப் போ நைனா."

அவர் தூண்டிலை மடக்கிக்கொண்டு எழுந்தார். அன்வரி பேகம் அந்த வாளியை எடுத்துக்கொண்டு போய்த் தன் கடைக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

பஞ்சபாத்திரத்தில் விரால் மூச்சு விட்ட அதே நாள் பதினோரு மணிக்கு, தங்கவேலின் மனைவி இசக்கியம்மாள் போன் செய்தாள். கொஞ்சம் வந்து போக முடியுமா என்று கேட்டாள். போனார். மகள் அனுப்ரியா வேலைக்குப் போயிருந்தாள். கூடத்தில் தங்கவேல் படத்துக்கு மாலை போட்டிருந்தது.

"வார வியாழக்கெழம அவியளுக்கு வருசம் திரும்புது, சாமி. அவிய ஆசப்பட்டதெல்லாம் எலையில வச்சுப் படைக்கணும். கடைசியா ஆசப்பட்டது அந்த விராலு. நீங்கதான் புடிச்சுத் தரணும்" என்றாள் இசக்கியம்மாள்.

ஸ்ரீனிவாசராகவன் படத்தைப் பார்த்தார். இனிமேலும் மறைத்தால் அந்த மாலை போட்ட படம் எழுந்து வந்து கேட்கும் போல இருந்தது.

"நான் அன்னிக்கே பிடிச்சுட்டேன், இசக்கியம்மா. பிடிச்சு விட்டுட்டேன். கடிக்கலைன்னு அவர்கிட்ட பொய் சொன்னேன்."

இசக்கியம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"அதோட குஞ்சு இருந்தது. நிறையக் குஞ்சு. அதனாலதான்..."

"சாமி" என்று இசக்கியம்மாள் நிறுத்தினாள். "நான் கொளத்தங்கரையில பொறந்தவ. மாசி மாசம் தண்ணி வத்துத நேரம். விராலுக்கு ஏது குஞ்சு?"

ஒரு வருஷமாகக் கட்டி வைத்திருந்தது ஒரே வரியில் சரிந்தது. அவர் கண்ணுக்குள் இருந்த சிவப்புக் குஞ்சுகள் அத்தனையும் எங்கேயோ போயின. புல்லில் கிடந்த மீன் மட்டும் மிச்சம் இருந்தது.

"அடிக்க முடியலை. கல்லைக் கையில எடுத்துட்டேன். என்னால அடிக்க முடியலை" என்றார். அழுகை வந்தது, அடக்கவில்லை.

இசக்கியம்மாளுக்கு வந்தது கோபம். அவள் அதை மறைக்கவில்லை. "மூணா நாளு நானே சிந்தாதிரிப்பேட்டைக்குப் போயி விராலு வாங்கியாந்தேன், சாமி. கொழம்பு வச்சுட்டேன். அவிய தொடல. 'சாமி கொண்டாருவாவ, வாக்குக் குடுத்திருக்காவ, அது வரட்டும்'னாவ. ரசஞ்சோத்தத் தின்னுட்டு வாசலப் பாத்துட்டே கெடந்தாவ. காலிங்பெல் அடிச்சா ஒங்க கையத்தான் மொதல்ல பாப்பாவ."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒங்கள யாரு கொல்லச் சொன்னா? உசுரோட கொண்டாந்தா நான் பாத்துக்கிட மாட்டனா? விராலு என்ன மத்தி மீனா, தண்ணிய விட்டதும் சாவதுக்கு? ஒரு வாளியில ரெண்டு சொம்புத் தண்ணி ஊத்திப் போட்டா நாளெல்லாம் கெடக்குமே. வாளி இல்லயா ஒங்ககிட்ட?"

வாளி இருந்தது. அவர் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

விரால் காற்றைச் சுவாசிக்கிற மீன் என்று மூன்று வருஷம் கடிகாரம் பிடித்துப் பார்த்தவர் அவர். காற்றில் மூச்சு விடத் தெரிந்தது கரையேறினால் உடனே செத்துப்போகாது என்று கண்டுபிடிக்க, அதற்குமேல் எவ்வளவு விஞ்ஞானம் வேண்டும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

"அவர் எப்பவும் அங்கேயே அடிச்சுடுவாரே" என்று முனகினார். "அப்படித்தான் பண்ணணும்னு நினைச்சுண்டேன்."

"ஏன் அடிச்சாவ? நானும் கேட்டிருக்கேன். உசுரோட கொண்டாந்தா கொழம்பு ருசியா இருக்குமே, ஏன் கரையிலயே அடிச்சுக் கொண்டாரீயன்னு. 'சாமி பக்கத்துல நிக்காவ, அது துடிக்கதப் பாத்தா அவருக்குத் தாங்காது, அதான் ஒரே அடியா முடிச்சிருதேன்'னாவ."

அதற்குமேல் அங்கே உட்கார அவரால் முடியவில்லை. எழுந்தார். வாசல்வரை வந்து இசக்கியம்மாள் சொன்னாள்: "வியாழக்கெழம எட்டு மணிக்குள்ள கொண்டாங்க. உசுரோட."

வியாழக்கிழமை முதல் ரயிலைப் பிடித்தார். குடை உறையை வீட்டிலேயே விட்டுவிட்டு, தூண்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே ஜானுவுக்கு முன்னால் கிளம்பினார். அவள் டம்ளரில் காபியை நீட்டினாள். "தங்கவேல் ஆத்துக்குத்தானே? பார்த்துப் போயிட்டு வாங்கோ" என்றாள். தங்கவேல் என்ற பேரை அவர் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. தூக்கத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

அன்வரி பேகம் கடைக்குப் பின்னாலிருந்து வாளியை எடுத்துக் கொடுத்தாள். உடைந்த சிமென்ட் குழாய்க்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். ஏரி வற்றி நாற்றமெடுத்தது. ஆகாயத்தாமரை ஓரத்தில் கொஞ்சம் ஆழம் பாக்கி இருந்தது. அரை மணி நேரம் தூண்டிலைத் தொடவில்லை. ஆறு இருபதுக்கு 'பொளக்'. இது காதுக்குள் கேட்டதா, தண்ணீரில் கேட்டதா என்று ஒரு கணம் புரியவில்லை. வளையம் விரிந்து கரைக்கு வந்து தொட்டதும்தான் நம்பினார். ஆறு முப்பத்தொன்றுக்குத் தவளையை வீசினார்.

மீன் கரையேறியபோது பார்த்தார். மேலுதட்டில் பழைய கிழிசல் ஆறி வெள்ளையாகக் கிடந்தது. அதுவேதான். அவர் திரும்பிக்கொள்ளவில்லை. வாளியில் தண்ணீர் மொண்டு, மீனை உள்ளே இறக்கி, மேலே துண்டைப் போட்டுக் கட்டினார். ஷேர் ஆட்டோவில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐ.டி. கம்பெனிப் பெண் துண்டைச் சந்தேகமாகப் பார்த்தாள். வழியில் ஒரு தரம் துண்டுக்கடியில் மூச்சுச் சத்தம் கேட்டது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக, அந்தச் சத்தத்துக்குச் சொந்தமான மீன் அவர் கண்ணெதிரிலேயே இருந்தது.

இசக்கியம்மாள் துண்டை அவிழ்த்துப் பார்த்தாள். "இதுதானா" என்று மட்டும் கேட்டாள். வாளியைச் சமையலறை ஓரத்தில் வைத்தாள். மீன் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கியது. பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நாற்பத்தொன்று. அவள் அதைத் தூக்கிப் பெரிய சட்டியில் போட்டு, மேலே கல்லுப்பைக் கொட்டினாள்.

"அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க, சாமி."

"இல்லை. இருக்கேன்."

அவள் தட்டைப் போட்டு மூடி, அதன்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டாள். தட்டு அவள் கையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அது நிற்கிறவரை ஸ்ரீனிவாசராகவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வெகு நேரம் ஆயிற்று. இத்தனையையும் தங்கவேல் மூன்று வருஷமாக ஒரே அடியில் முடித்து, இவர் முதுகுக்குப் பின்னால் மறைத்திருக்கிறார் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"ஆச்சு சாமி" என்றாள் இசக்கியம்மாள். தங்கவேல் சொல்கிற அதே குரல், அதே இழுப்பு. சட்டியை எடுத்துக்கொண்டு அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

இனி கேட்காது என்று அவருக்குத் தோன்றியது. வாக்குக் கொடுத்தது வந்து சேர்ந்தாயிற்று. பார்க்காமல் விட்டதைப் பார்த்தாயிற்று. கூடத்துக்கு வந்து படத்துக்கு நேரே தரையில் உட்கார்ந்தார். சமையலறை ஓரத்தில் வெறும் தண்ணீரோடு வாளி இருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தார். பார்த்தார். ஏழு ஐம்பத்திரண்டு.

ஒரு நிமிஷம் கழித்து, 'பொளக்'.

அவர் அசையவில்லை. ஒரு வருஷமாகப் பழகிய சத்தம்தானே. தன் காதுக்கு மட்டும்தான் என்று தேற்றிக்கொண்டு, மெல்லத் தலையைத் தூக்கினார்.

அரிவாள்மணையில் ஓடிக்கொண்டிருந்த கை நின்றிருந்தது. இசக்கியம்மாள் திரும்பி, வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.